ஓகரின் அடியைக் குறைக்கலாமா?

அன்புள்ள சார்,

ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேருக்கு போன மாதம் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் விளையாட்டை நடத்துகிறேன். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி எதிரிகளை ஆடுபவன். கதையும் நானே எழுதியது. முதல் செஷனில் ஒரு பாழடைந்த காவல் கோபுரம். கிட்டே போனதும் மேலே பதுங்கியிருந்த நான்கு கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) அம்பு விட்டன. விசார்டுக்கு (நண்பர் ஒருவர் ஆடிய மந்திரவாதி) மொத்தமே 7 ஹிட் பாயின்ட், அதாவது அடி தாங்கும் அளவு. முதல் சுற்றிலேயே விழுந்து, அப்படியே செத்தும் போனான். அவனை ஆடிய நண்பர் மீதி இரண்டு மணி நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தில் அடுத்த செஷனில் ஓகர் என்ற முரட்டுப் பூதம் அடித்த அடிகளை, என் பகடையை மறைக்கும் மறைப்புக்குப் பின்னால் குறைத்துச் சொன்னேன். ஒரு தோழி கண்டுபிடித்துவிட்டாள். "நீ விட்டுக்கொடுக்கற, அப்புறம் இதுல என்ன இருக்கு?" என்றாள். நியாயமாகவும் கடினமாகவும் எப்படி எழுதுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் தோழி சொன்னதுதான் சரி. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் கோபுரம்.

2014 விதிப்புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோப்ளினை வென்றால் 50 அனுபவப் புள்ளி, நான்குக்கு 200. எதிரிகள் மூன்று முதல் ஆறு பேர் என்றால் அதை இரண்டால் பெருக்கச் சொல்கிறது புத்தகம், 400 ஆகிறது. முதல் லெவலில் இருக்கும் நான்கு பேருக்கு 'உயிராபத்து' என்று அது குறிக்கும் கோடும் சரியாக 400. (2024 திருத்தத்தில் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். புதியவர்களுக்கு அது ஒரு நல்ல எச்சரிக்கையாக இருந்தது என்பது என் எண்ணம். நான்கு எதிரி என்றால் ஒரு சுற்றுக்கு நான்கு அடி என்பதை அது நினைவூட்டியது.) இதற்கு மேல் நீங்கள் அவற்றைப் பதுங்கவும் வைத்தீர்கள். விசார்டின் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 12 என்றால் கோப்ளினின் அம்பு படும் வாய்ப்பு 65 சதவீதம். பதுங்கியிருந்து விடும்போது பகடையை இரண்டு முறை உருட்டி பெரிய எண்ணை எடுப்பதால் அது கிட்டத்தட்ட 88 ஆகிவிடும். ஓர் அம்புக்கு 3 முதல் 8 வரை சேதம். 7 ஹிட் பாயின்ட் வைத்திருப்பவன் என்ன செய்வான், பாவம்.

ஆனால் தப்பு கணக்கில் இல்லை. 2014 இல் புதியவர்களுக்காக வந்த ஸ்டார்ட்டர் செட்டில் இருக்கும் சாகசத்தின் முதல் சண்டையும் இதே நான்கு கோப்ளின்கள்தான். அந்த ஒரு பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். புதருக்குள் கோப்ளின்கள் இருக்கின்றன, சரி. ஆனால் அதற்கு முன்பே சாலையில் இரண்டு குதிரைகள் அம்பு தைத்துச் செத்துக் கிடக்கின்றன. தாங்கள் ஓட்டிவரும் சரக்கு வண்டியை நிறுத்துவதா, இறங்கிப் பார்ப்பதா, கேடயத்தை எடுப்பதா என்று ஆடுபவர்கள் யோசிக்க ஒரு நிமிடம் கிடைக்கிறது. சண்டை மூண்டால் நான்கும் சேர்ந்து அம்பு விடுவதில்லை, இரண்டு கிட்டே ஓடி வருகின்றன. மூன்று விழுந்தால் நான்காவது தப்பி ஓடப் பார்க்கும். அதை ஓட விட்டுப் பின்தொடரலாம், பிடித்து விசாரிக்கவும் செய்யலாம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, ஆடுபவர்கள் தோற்றால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே எழுதியிருப்பதுதான். கோப்ளின்கள் அவர்களை மயக்கத்தில் விட்டுவிட்டு, உடைமைகளையும் வண்டிச் சரக்கையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கதை நிற்காது. ஏமாந்தவர்களின் கோபத்தோடு இன்னும் வேகமாக ஓடும்.

உங்கள் கோபுரத்தில் செத்த குதிரை எங்கே? மரத்தில் தைத்த பழைய அம்பு, மேலிருந்து கசியும் புகை, வழியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, எதுவாவது ஒன்று இருந்திருந்தால் அந்த விசார்ட் செத்திருந்தாலும் உங்கள் நண்பர் செல்போனை எடுத்திருக்க மாட்டார். "சே, அந்தப் புகையைப் பார்த்தோமே" என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார். நியாயம் என்று நான் சொல்வது இவ்வளவுதான்: முடிவெடுப்பதற்கு முன்னால் ஆபத்தைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இருந்ததா? இருந்தால் எதிரி எவ்வளவு பலசாலியாகவும் இருக்கலாம்.

இந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1975 இல் ஒரு போட்டிக்காக 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறைச் சாகசத்தை எழுதினார். ஆள்விழுங்கி என்று இன்றும் அதற்குப் பெயர். சுவரில் வாய் பிளந்த ஒரு பச்சை முகம். அந்த வாய்க்குள் நுழைந்தவன் அத்தோடு காலி, பகடை உருட்டித் தப்பவும் வழியில்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தின் தரையிலேயே ஒரு புதிர்ச் செய்தி பதித்திருக்கிறது. முடிந்தவரை பச்சையைத் தவிர் என்று அதில் ஒரு குறிப்பும் வருகிறது. அந்தக் கல்லறையே சொல்லிவிட்டுத்தான் கொல்கிறது.

இப்போது ஓகர். சின்ன வயதில் தெருவில் ஆடும்போது யாருடைய தம்பியாவது அழுதுகொண்டு வந்து நின்றால் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. அவனுக்கும் சீக்கிரமே அது தெரிந்துவிடும், முகம் சுண்டிப்போகும். நீங்கள் அடியைக் குறைத்துச் சொன்னபோது நான்கு பேரையும் அப்படி ஆக்கிவிட்டீர்கள். இரக்கம் காட்ட வேண்டுமென்றால் பகடையை உருட்டுவதற்கு முன்னால் காட்டுங்கள். ஓகருக்குப் பசி, அடித்துப் போட்டவனைத் தூக்கிக்கொண்டு குகைக்கு ஓடப் பார்க்கிறது என்று வைத்தால், அதை மறிப்பதா துரத்துவதா என்று மற்ற மூவருக்கும் ஒரு வேலை கிடைக்கும். அடியைக் குறைக்கவே வேண்டாம். மறைப்பையும் எடுத்துவிட்டு எல்லோரும் பார்க்க உருட்டுங்கள்.

1981 ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்த ஒரு விதியையும் திருடிக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வோர் எதிரிக்கும் மன உறுதி என்று ஓர் எண் உண்டு, கோப்ளினுக்கு 7. கூட்டத்தில் முதல் ஆள் சாகும்போதும் பாதிப் பேர் விழும்போதும் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரணாகதி. கோப்ளின் ராஜா கூட இருந்தால் அந்த 7 என்பது 9 ஆகிவிடும். கடைசி ஆள் வரைக்கும் எல்லாச் சண்டையும் நடந்தால் சலிப்புதான் மிஞ்சும்.

சண்டை இல்லாத இடங்களிலும் இதே கதைதான். நான் புதிதாக நடத்தியபோது ஒரு கொலையின் ஒரே தடயத்தை ரகசியக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். யாருக்கும் நல்ல எண் விழவில்லை. நாற்பது நிமிடம் சுவரைத் தட்டினார்கள். கடைசியில் நானே ஒரு வேலைக்காரனை அனுப்பிக் கதவைத் திறக்க வைத்தேன், அசடு வழிந்தது. அவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்றால் மூன்று இடத்திலாவது வையுங்கள். இரண்டை எப்படியும் தவற விடுவார்கள்.

செத்த விசார்டை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடுத்த செஷனுக்கு முன் அந்த நண்பரிடம் பேசுங்கள். கோபுரத்தின் நிலவறையில் கோப்ளின்கள் யாரையோ கட்டிப்போட்டிருக்கின்றன, அது யார் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஓகர் விஷயத்தை மற்றவர்களிடமும் ஒப்புக்கொண்டுவிடுங்கள். தோழிக்கு எப்படியும் தெரியும்.