உள்ளரங்க விளையாட்டுக் கூடத்துக்குக் குடும்பத்தோடு: கேள்வியும் பதிலும்

கோவையில் ஒரு வணிக வளாகத்தின் குழந்தைகள் விளையாட்டுக் கூடத்தில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவள் என்பதால், பள்ளி விடுமுறையை முன்னிட்டு வந்த கேள்விகளை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுபோலவே இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: அக்கா, மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு இரண்டரை. விளையாட்டுக் கூடம், பனி அரங்கம், சினிமா மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு ஊர் திரும்ப முடியுங்களா?

முடியும், ஆனால் மூன்றாவது இடத்தில் உங்கள் மகள் தூங்கிக்கொண்டோ அழுதுகொண்டோ இருப்பாள். இரண்டரை வயதுக் குழந்தை கூச்சலும் வெளிச்சமும் மிகுந்த கூடத்தில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் மகிழ்ச்சியாக இருக்கும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கொடுத்த காசுக்காக நாம் நடத்தும் விளையாட்டு. ஆகவே ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்தால் கூட்டம் இராது, பந்துக்குளமும் மெத்தைகளும் துடைத்துச் சுத்தமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தவிர்ப்பது நல்லது. வெளி உணவைப் பெரும்பாலான கூடங்கள் அனுமதிப்பதில்லை என்பதால், அரிசிம்பருப்பு சாதமோ இட்லியோ எதுவாயினும் நுழைவதற்கு அரை மணி நேரம் முன்பே ஊட்டி முடித்துவிடுங்கள்.

பெரியவர்கள் இருவர் போனால் ஆளுக்கொரு குழந்தை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளுக்கென வேலியிட்ட தனிப் பகுதி இருக்கிறதா என்று சீட்டு வாங்கும் முன்பே கேளுங்கள். அது இல்லாத கூடத்துக்கு இரண்டரை வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் எட்டு வயதுப் பையன்கள் ஓடும் வேகத்தில் கீழே தவழும் குழந்தை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. பனி அரங்கத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே வைக்கப்படுகிறது. இழுப்பு வரும் குழந்தைகளுக்குக் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும்; அவர்களுக்கு அது வேண்டாம்.

திருப்பூரிலிருந்து: மகன் சறுக்கில் தனியாக இறங்கப் பயப்படுகிறான். மடியில் உட்கார வைத்துக்கொண்டு நான் சறுக்கலாமா?

கூடாது. பாசத்தோடு செய்யும் இந்தக் காரியத்தைத் தடுக்கப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டுகள் கொஞ்சமல்ல. தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் ஓரத்தில் தட்டினால், அதன் எடை குறைவு என்பதால் குழந்தை அங்கேயே நின்றுவிடும், அல்லது திரும்பிக்கொள்ளும். மடியில் இருக்கும்போது, குழந்தையின் காலணி பக்கச் சுவரில் சிக்கிய பிறகும் பெரியவரின் முழு எடை கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே போகும்; நடுவில் அகப்பட்ட கால் முறுக்கிக்கொள்ளும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு இப்படித்தான் உடைகிறது. பயப்படும் குழந்தைக்குச் சிறிய சறுக்கைக் காட்டுங்கள், கீழே நின்று கை நீட்டுங்கள். அப்போதும் இறங்க மறுத்தால், இறங்காமலே இருக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து: அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று ஆறு பேர் ஒரே ட்ராம்போலினில் குதிக்க ஆசைப்படுகிறார்கள். மெத்தைதானே, என்ன ஆகிவிடப் போகிறது?

ட்ராம்போலின் காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதிக்கும்போது ஏற்படுபவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கே ஆபத்து மிக அதிகம் என்றும் அது எச்சரிக்கிறது. காரணம் எளிது. எடை கூடிய பிள்ளை விழுந்து அமுக்கிய துணி மேலெழும் தருணத்தில் எடை குறைந்த பிள்ளை அதன் மீது இறங்கினால், அது எதிர்பாராத விசையோடு தூக்கி எறியப்படும், அல்லது கடினத் தரையில் விழுந்ததுபோல் அடிபடும். ஒரு சதுரக் கட்டத்துக்கு ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. குட்டிக்கரணம் யாருக்கும் வேண்டாம். வழுக்காத காலுறையை அங்கேயே விற்பார்கள். ஒருமுறை வாங்கியதைத் துவைத்து எடுத்து வைத்தால் மறுமுறைக்கும் ஆகும்.

நாமக்கல்லிலிருந்து: போய் வந்த நான்காம் நாள் காய்ச்சலோடு வாயிலும் உள்ளங்கையிலும் கொப்புளம். சானிட்டைசர் போட்டும் எப்படி வந்தது?

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கை, கால், வாய் நோயை ஒத்திருக்கின்றன; நம் பக்கத்தில் சிலர் இதைத் தக்காளிக் காய்ச்சல் என்கிறார்கள். எதுவென்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பொதுவாக ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, தொற்றிய மூன்று முதல் ஆறு நாட்களில் இது வெளிப்படும். எச்சில், மலம், கொப்புள நீர் வழியாகப் பரவும் இந்தக் கிருமி, ஆல்கஹால் கலந்த சானிட்டைசருக்கு எளிதில் மடிவதில்லை. சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவுவதுதான் வழி. விளையாடி முடித்ததும் முதலில் குழாயடி, பிறகு தின்பண்டம். குழந்தைக்குக் காய்ச்சலோ கொப்புளமோ இருக்கும்போது, முன்பதிவுப் பணம் போனாலும், வீட்டில் இருப்பதே அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குச் செய்யும் மரியாதை.

சேலத்திலிருந்து: "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறார்களே, அதன் பிறகு நாம் எதுவும் கேட்க முடியாதா?

கேட்க முடியும். கிழிந்த மெத்தை, கழன்ற வலை, ஆளில்லாத சறுக்கு போன்ற கவனக்குறைவால் காயம் ஏற்பட்டிருந்தால், அந்த ஒரு வரியைக் காட்டி நிர்வாகம் கைகழுவிவிட இயலாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. முறையீட்டை, சம்பவம் கோவையில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சீட்டையும் மருத்துவமனைக் குறிப்பையும் பத்திரமாக வைத்திருங்கள், உடைந்த பகுதியை அப்போதே படம் எடுத்துவிடுங்கள்.

தாராபுரத்திலிருந்து: பேருந்தில் குழந்தைகளுக்குச் சீட்டு உண்டா?

அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை கட்டணம் இல்லை, அதன் பிறகு பன்னிரண்டு வயது வரை அரைக் கட்டணம். நீங்கள் கோவையில் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

பொள்ளாச்சியிலிருந்து: அம்மாயிக்கு முழங்கால் வலி, அப்புச்சிக்கு இந்தச் சத்தமே ஆகாது. எல்லோரும் சேர்ந்து போகக் கூரைக்குள் வேறு இடம் உண்டா?

உண்டு, எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஜி.டி. நாயுடு 1920இல் தம் பேருந்துத் தொழிலை உங்கள் ஊருக்கும் பழனிக்கும் இடையில்தான் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கினார். அப்புச்சி இதைச் சொல்ல ஆரம்பித்தால் பேரன் காரையும் பார்ப்பான், கதையும் கேட்பான். வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகம் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை எளிதில் வெளியே வர விடாது. வனக் கல்லூரி வளாகத்திலுள்ள காஸ் அருங்காட்சியகம் 1902ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மரங்களும் பதப்படுத்திய விலங்குகளும் நிறைந்த அமைதியான பழைய கட்டடம். கொடிசியா அருகிலுள்ள மண்டல அறிவியல் மையத்தில் கையால் இயக்கிப் பார்க்கும் கருவிகள் இருப்பதால், "தொடாதே" என்று அதட்டும் வேலை நமக்குக் குறையும். வார விடுமுறை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரூரிலிருந்து: கூட்டத்தில் குழந்தை தொலைந்தால்?

வீட்டிலிருந்து கிளம்பும்போதே, அன்று அணிந்திருக்கும் உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்; உடையின் நிறத்தைப் பதற்றத்தில் தவறாகச் சொன்ன பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கைபேசி எண்ணை முன்கையில் பேனாவால் எழுதுங்கள். குழந்தையைக் காணோம் என்றதும் தேடி ஓடாமல், முதலில் நுழைவாயில் பணியாளரிடம் சொல்லி வெளியேறும் கதவைக் கவனிக்கச் செய்யுங்கள்.

உடுமலையிலிருந்து: விளையாட்டு இயந்திரத்தில் ஜெயித்த பொம்மைகளைச் சின்னவனிடம் கொடுக்கலாமா?

மின்னும், பாடும் பொம்மையாக இருந்தால் உள்ளே வட்டமான பொத்தான் பேட்டரி இருக்கக்கூடும். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்படாமல் நகத்தால் திறக்கும்படி இருந்தால், மூன்று நான்கு வயதுக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். அதே வகைப் பேட்டரியோ பொம்மையோ கையில் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.