அந்தக் கலம் மனிதருடையதா, எலியுடையதா?

கேள்வி: மனிதக் கசியிழையக் (குருத்தெலும்பு) கலங்களைச் சுண்டெலியின் தோலுக்குக் கீழே வைத்து, சில கிழமைகளின் பின் அங்கே உருவான இழையத்தை கசியிழையத்தின் முக்கிய புரதமான கொலாஜன்-2 இற்கான பிறபொருளெதிரியால் (குறித்த ஒரு புரதத்தைத் தேடி ஒட்டும் புரதம், antibody) நிறமூட்டிப் பார்த்ததாக ஓர் ஆய்வில் வாசித்தேன். நிறம் பிடித்தால் அவை மனிதக் கலங்கள்தான் என்று முடிவெடுக்கலாமா?
– மருத்துவபீட மாணவி, கோண்டாவில்

பதில்: முடியாது. அந்த நிறம் அங்கே கசியிழையம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கொலாஜன்-2 மனிதரிலும் எலியிலும் மாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், அதைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகள் பலவும் பல விலங்குகளிலும் ஒட்டும். அதோடு அது கலத்துக்கு வெளியே சுரக்கப்படுகிற புரதம், கலம் செத்த பிறகும் அங்கேயே கிடக்கும்.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். மனிதருடையதா என்று அறிய, மனிதக் கலத்தின் இழைமணியிலோ (mitochondria) மனிதக் கலத்தின் கருவிலோ (nucleus) மட்டும் ஒட்டுகிற பிறபொருளெதிரி வேண்டும். கசியிழையக் கலமா என்று அறிய, கலத்தின் கருவுக்குள் சொக்ஸ்-9 என்ற புரதம், கலத்துக்கு வெளியே கொலாஜன்-2, அக்ரிகன் என்ற புரதங்கள். இழையத்தின் ஒரே மெல்லிய வெட்டில், மனித அடையாளமும் சொக்ஸ்-9 உம் ஒரே கலத்தில் சேர்ந்து வந்து, அதைச் சுற்றி கொலாஜன்-2 உம் இருந்தால்தான் நான் நம்புவேன். எஸ்-100 என்ற புரதத்தையும் பலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அது நரம்பின் சுவான் கலங்களிலும் கொழுப்புக் கலங்களிலும் வரும், தோலுக்கடியில் செய்த பரிசோதனையில் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நிறம் வராவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். ஆய்வுகூடத் தட்டில் தட்டையாக வளர்த்த கசியிழையக் கலங்கள் கொலாஜன்-2 ஐக் குறைத்து கொலாஜன்-1 ஐக் கூட்டத் தொடங்கிவிடும். இன்னொன்று, சுற்றியிருக்கும் புரோட்டியோகிளைக்கன் (சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்த புரதம்) கொலாஜனை மறைத்துவிடும், அதனால்தான் முதலில் ஹயலுரொனிடேஸ் போன்ற நொதியம் போட்டுத் திறக்கிறார்கள்.

நிறைய மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. சுண்டெலியில் தயாரித்த பிறபொருளெதிரியைச் சுண்டெலி இழையத்திலேயே போட்டால், அதைக் காட்ட ஊற்றும், சுண்டெலிப் பிறபொருளெதிரிகளில் ஒட்டுகிற இரண்டாவது பிறபொருளெதிரி அந்த எலியின் சொந்தப் பிறபொருளெதிரிகளிலும் போய் ஒட்டி, வெட்டு முழுக்க நிறமாகிவிடும்! சரி, அப்போ முயலில் தயாரித்ததைத் தேடுங்கள். கலங்கள் வைக்காத எலியின் சொந்த மூட்டுக் கசியிழையத்தையும் கட்டாயம் கூடவே நிறமூட்டுங்கள்: மனித அடையாளம் அங்கே துளியும் வரக்கூடாது. கை பழக, இறைச்சிக் கடையில் வாங்கும் ஆட்டு மூட்டே போதும், நீங்கள் வாங்கிய கொலாஜன்-2 பிறபொருளெதிரி ஆட்டிலும் ஒட்டுமா என்று அதோடு வரும் தாளில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.