மாடியில உக்காரணுமா, கூடவே உக்காரலாமா?

கேள்வி: என் பொண்ணு மும்பைல வேலை பாக்குறா. ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி யூதப் பொண்ணு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க ஜெபத்துக்கு கூட்டிட்டு போயிருக்கா. ஆம்பள பொம்பள ஒண்ணா உக்காந்து ஹீப்ரு, இங்கிலீஷ், மராத்தின்னு மாத்தி மாத்தி படிச்சாங்களாம். நாங்க கொச்சி மட்டாஞ்சேரி யூதக் கோயிலுக்குப் போனப்ப பொம்பளைங்களுக்கு மாடின்னுல்ல சொன்னாங்க? இது சரியான முறைதானா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சரியான முறைதானுங்க அக்கா. மட்டாஞ்சேரி கோயில் 1568ல கட்டினது, அங்க பழைய வழி. உங்க பொண்ணு பாத்தது லிபரல்ங்கிற புது வழின்னு தோணுது, அதை 1902ல லண்டன்ல ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவங்க லில்லி மாண்டேகுங்கிற ஒரு பெண்மணி, மும்பைக்கு 1925ல கொண்டு வந்ததும் ஒரு பெண்தான், டாக்டர் ஜெருஷா ஜிராத், லண்டன்ல படிச்சிட்டு வந்த பிரசவ டாக்டர், 1966ல பத்மஸ்ரீ வாங்கினவங்க. பழைய வழியில பத்து ஆம்பளைங்க சேர்ந்தாதான் கூட்டு ஜெபம் முழுசாகும், லிபரல்காரங்க பொம்பளைங்களையும் அந்த பத்துல எண்ணுறாங்க. எனக்கு அதைக் கேக்கறப்பவே மனசு நெறஞ்சு போகுது.

பாஷை கலக்கறது மட்டும் லிபரல்காரங்க கண்டுபிடிச்சதில்ல. ஷெமாங்கிற அவங்க முக்கியமான ஜெபத்தை எந்த பாஷையிலயும் சொல்லலாம்னு மிஷ்னாங்கிற பழைய சட்டத் தொகுப்புலயே இருக்கு. செத்தவங்களுக்காக சொல்ற கதீஷ் பெரும்பாலும் அரமேயிக், அந்தக் காலத்துல ஜனங்க வீட்ல பேசினது. மும்பை பக்கத்து யூதங்களான பெனே இஸ்ரேல்காரங்களுக்கு மராத்தி வீட்டு பாஷை, பைபிள் கதையையே கீர்த்தனையா மராத்தியில பாடினவங்க. கொச்சி யூதப் பெண்களும் அப்படித்தான், கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்துல பாட்டு பாடி நோட்டுல எழுதி வச்சு, ஆம்பளைங்க இருக்கற சபையிலயும் பாடினாங்க. அதுக்கும் முன்னாடி, சுமார் 1000 வருஷத்துக்கு முன்ன சேர ராஜா பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமை குடுத்த செப்பேடே நம்ம பழைய வட்டெழுத்துலதான் இருக்கு.

நம்ம பாலக்காடு பக்கமும் கோயில்ல மலையாளத்துல வழிபாட்டு சீட்டு வாங்கிட்டு நடைல நின்னு தமிழ்லதானே வேண்டிக்கிறோம், சாமிக்கு அதுல ஒண்ணும் குறை வந்ததா எனக்குத் தோணல.

பெனே இஸ்ரேல் வீடுகள்ல ஒயினுக்கு பதிலா உலர்திராட்சையை ஊற வச்சு எடுத்த ஷர்பத்தை வச்சு ஆசீர்வாதம் சொல்லி எல்லாருக்கும் குடுக்கற பழக்கம் உண்டு. அடுத்த தடவை நீட்டினாங்கன்னா கூச்சப்படாம வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க.