பழைய அம்பாசடரில் டைமிங் செயின் சத்தம்: செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி இதுதான்: 1972 மாடல் மார்க் 2 அம்பாசடர். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் முன்பக்கம் கரகரவென்று சத்தம், மேடு ஏறும்போது இழுவை இல்லை. டைமிங் செயின் போய்விட்டது என்கிறார் ஒரு மெக்கானிக். டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் பாகம்) கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். செயின் மட்டும் மாற்றலாமா, அதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

என்னிடம் இருப்பதும் அதே எஞ்சின்தான், 1489 சிசி பெட்ரோல். செயின் மாற்றும் வேலையை என் கையாலேயே செய்திருக்கிறேன். முதலில் சொல்லிவிடுகிறேன்: இரண்டாமவர் பேச்சைக் கேட்காதீர்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவதுதான் டைமிங் செயின். அது தேய்ந்து நீண்டால் கேம் ஷாஃப்ட் கிராங்க்குக்குப் பின்தங்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் சுழல்வது கேம் ஷாஃப்டிலிருந்து என்பதால் தீப்பொறியும் தாமதமாகும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் தீப்பொறி மட்டும் சரியாகும். வால்வுகள் தாமதமாகத் திறந்து தாமதமாகத்தான் மூடும். கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடுவது போலத் தெரியும், உள்ளே தேய்மானம் வளர்ந்துகொண்டே போகும்.

ஆனால் முதல் மெக்கானிக்கின் காதையும் அப்படியே நம்ப வேண்டாம். வாட்டர் பம்ப் பேரிங், டைனமோ பேரிங் இரண்டும் அதே இடத்தில்தான் சத்தம் போடும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் செயினைத் தொடவே வேண்டாம்.

நிற்கவில்லை என்றால் அடுத்த சோதனை. இதற்குச் செலவே இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிடுங்கள். முன்னால் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டு எஞ்சினை வலப்பக்கம் கொஞ்சம் சுற்றி நிறுத்தி, கிராங்க் புல்லியிலும் அதற்கு நேராக டைமிங் கவரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இனி எஞ்சின் பின்னோக்கிச் சுழல வேண்டும். ஹேண்டில் ஒரு பக்கம்தான் பிடிக்கும், அதனால் சமதளத்தில் டாப் கியரில் போட்டு வண்டியை மிக மெதுவாகப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரையே பாருங்கள். செயின் நன்றாக இருந்தால் புல்லி அசைந்ததும் ரோட்டரும் அசைந்துவிடும். என் வண்டியில் புல்லிக் கோடு ஒரு விரல் அகலத்துக்கு நகர்ந்த பிறகும் ரோட்டர் அப்படியே நின்றது. அந்த இடைவெளிதான் செயினின் தொய்வு. ரோட்டரைக் கையால் திருப்பினால் கொஞ்சம் சுழன்று ஸ்பிரிங்கில் திரும்பி வரும். அது, வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளும் அட்வான்ஸ் வெயிட்டின் ஆட்டம், அதை இதோடு சேர்க்காதீர்கள்.

தொய்வு உறுதியானால், செயின் மட்டும் போதாது. இந்த எஞ்சினில் இருப்பது இரட்டை வரிசைச் செயின், அதை அழுத்திப் பிடிக்க ரப்பர் முகம் வைத்த டென்ஷனர் ஒன்று. பழைய டென்ஷனரை எடுத்துப் பார்த்தால் ரப்பரில் செயின் ஓடிய தடம் பள்ளமாகவே தெரியும். பள்ளம் விழுந்த ரப்பரில் புதுச் செயினை ஓடவிட்டு என்ன பயன்? பல்சக்கரங்களும் அப்படித்தான், பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். செயின், இரண்டு பல்சக்கரம், டென்ஷனர், ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாவற்றையும் செட்டாக வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ஜெனரல் பீட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டை பக்கம் விசாரியுங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த டென்ஷனர் என்றால் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால் வேண்டாம்.

வீட்டில் செய்யலாம். நட்டுகள் இஞ்ச் அளவு என்பதால் மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு முனையை வழுக்கிவிடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றி, ரேடியேட்டரை இறக்கி, ஹேண்டில் மாட்டும் அந்தப் பெரிய நட்டின் பூட்டு வாஷரை நிமிர்த்திக் கழற்றினால் புல்லி வரும், பிறகு டைமிங் கவர் வரும். கவருக்குப் பின்னால் வட்டத் தகடு ஒன்று இருக்கும், ஆயில் அதிகமாகச் சீல் பக்கம் போகாமல் தடுப்பது அதுதான். எந்த முகம் வெளியே பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். மாறிப்போட்டால் ஆயில் ஒழுகும்.

இரண்டு பல்சக்கரத்திலும் ஒரு புள்ளி குத்தியிருக்கும். செயினையும் சக்கரங்களையும் கழற்றும் முன் எஞ்சினைச் சுற்றி அந்த இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி நிறுத்துங்கள். செயின் இல்லாத நேரத்தில் கிராங்க்கையும் கேமையும் சுற்றக் கூடாது, டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றக் கூடாது. புதுச் செயினை இரண்டு சக்கரத்திலும் மேஜை மேலேயே மாட்டி, புள்ளிகளை எதிரெதிரே வைத்து, மூன்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். அதற்கு முன் பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. சக்கரங்களை மட்டும் ஒரு தடவை மாட்டி, முகத்தில் நேரான இரும்புப் பட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இல்லையென்றால் கிராங்க் சக்கரத்துக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். சக்கரம் மாற்றும்போது இது கட்டாயம். செயின் சாய்ந்து ஓடினால் செலவழித்ததெல்லாம் வீண்.

டென்ஷனரைப் பூட்டிய நிலையிலேயே மாட்டி, செயின் உட்கார்ந்த பிறகு ஆலன் கீயால் வலப்பக்கம் திருப்பி விடுவியுங்கள். அதன் ஸ்பிரிங்கே தள்ளிக்கொள்ளும். இடப்பக்கம் திருப்பாதீர்கள், கையால் அழுத்தியும் தள்ளாதீர்கள். மாட்டும் முன் அதன் ஆயில் துளை அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்துவிடுங்கள்.

கவரை முதலில் முறுக்கிவிட்டுப் புல்லியைத் தள்ளுவதுதான் சாதாரணமாக நடப்பது. அப்போது சீல் நடுவில் உட்காராது, ஒரே மாதத்தில் ஒழுகும். புல்லியின் கழுத்தில் ஆயில் தடவி, முதலில் கவரின் சீலுக்குள் திருகினாற்போல் நுழைத்துவிடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துக் கிராங்க்கில் ஏற்றி, கவரின் போல்ட்டுகளைக் கடைசியில் முறுக்குங்கள்.

கவர் மூடும் முன்பே கையால் கிராங்க்கை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள், கேம் ஒரு சுற்று வரும். புள்ளிகள் மறுபடி நேருக்கு நேர் வந்தால் சரி. ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றி மாட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் டாப்பெட் (வால்வு) இடைவெளியையும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளியையும் பார்த்துவிட்டு இக்னிஷன் டைமிங்கைப் புதிதாக வையுங்கள். தேய்ந்த செயினுக்காக யாராவது முன்பே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருந்தால், இப்போது தீப்பொறி மிக முன்னதாக வரும். அப்படியே ஓட்டினால் மேட்டில் எஞ்சின் நாக் அடிக்கும்.

உங்கள் வண்டியில் யாராவது பின்னாளில் 1800 இசுசு எஞ்சின் ஏற்றியிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கிறது. போனட்டைத் திறந்து எந்த எஞ்சின் என்று உறுதிசெய்துகொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.