மூன்று நிமிடக் கவுனும் அப்பத்தாவின் பட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அவளுடைய அப்பத்தா, அதாவது என் அம்மா, 1962இல் முகூர்த்தத்துக்குக் கட்டிய அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அதைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். ப்ரீ-ப்ளீட்டிங் (முன்கூட்டியே மடிப்பு வைத்து அயர்ன் செய்வது), ஒட்டியாணம் எல்லாம் உண்டு. கட்ட முடியாவிட்டால் வெட்டி லெஹங்கா தைத்துக்கொள்வாளாம். ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவின் கவுனை அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் போட்டு வீணாக்கிய கதையைச் சொன்னேன். அந்தக் கவுனும் 1962தான். அதற்கு அவள், "அத்தை, அது கிழியவே இல்லை. மூணு நிமிஷம்தான் போட்டாங்க, சொந்தக்காரங்களே ஒண்ணும் ஆகலைன்னு சொல்லியாச்சு" என்கிறாள். கவுன் கிழிந்ததா இல்லையா? எங்கள் புடவையைக் கட்டலாமா, கூடாதா?

வாசகி, சிவகங்கை

அன்புள்ள வாசகிக்கு,

மருமகள் சொல்வதில் பாதி சரி. முதலில் கவுன் கதையைப் பார்த்துவிடலாம். உங்கள் பீரோவுக்கு வேண்டிய பதிலும் அதில்தான் இருக்கிறது.

1962 மே 19, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஜனாதிபதி கென்னடிக்குப் பத்து நாள் முன்கூட்டியே பிறந்தநாள் வாழ்த்துப் பாட மன்றோ மேடையேறினார். கவுனை உருவாக்கியவர் ழான் லூயி. அதற்கு ஓவியம் வரைந்து கொடுத்தவர் அப்போது இளைஞராக இருந்த பாப் மேக்கி. துணி, தோல் நிறத்தில் சூஃபிளே என்கிற சல்லாத் துணி. கொசுவலை அளவுக்கு மெல்லிய பட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் கற்கள், ஒவ்வொன்றும் கையால் தைத்தது. மன்றோவின் உடம்போடு ஒட்டி அளவெடுத்தது. அன்று இரவு அவரை உள்ளே விட்டே தைத்தார்கள் என்பார்கள். 1999இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 12.6 லட்சம் டாலருக்குப் போனது. 2016இல் ஜூலியன்ஸ் ஏலத்தில் ரிப்ளீஸ் நிறுவனம் 48 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. ரிப்ளீஸ் விநோதப் பொருள் காட்சிக்கூடங்களை நடத்தும் வணிக நிறுவனம். ‘கிம்முக்கு அருங்காட்சியகமே கவுனைக் கொடுத்தது’ என்று பலரும் எழுதியதைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

2022 மே 2, நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தின் ஃபேஷன் விழாவான மெட் காலா. கிம் முதலில் போட்டுப் பார்த்தபோது கவுன் சேரவில்லை. மூன்று வாரத்தில் 16 பவுண்டு, நம் கணக்கில் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், குறைத்ததாக அவரே சொன்னார். அப்படியும் பின்பக்கம் முழுதாக மூடவில்லை. அந்த இடைவெளியை மறைக்கத்தான் வெள்ளை ஃபர் சால்வை. படியேறிப் படம் எடுத்த கையோடு, அதே மாதிரி செய்த நகலுக்கு மாறிவிட்டார். அசலைப் போட்டிருந்தது மூன்று நான்கு நிமிடம் என்று பிறகு தொலைக்காட்சியில் சொன்னார். (மன்றோவின் முடி என்று சொல்லி ஒரு கற்றையையும் ரிப்ளீஸ் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. அது யாருடைய முடி என்பது தனிச் சர்ச்சை.)

ஜூனில், மன்றோவின் பொருள்களைச் சேகரிக்கும் ஒருவர் படங்களை வெளியிட்டார். பின்பக்கத் திறப்பின் ஓரத்தில் கற்கள் உதிர்ந்திருந்தன. ஒன்றிரண்டு நூலில் தொங்கின. கொக்கிகள் இருக்கும் இடத்தில் துணி இழுபட்டிருந்தது. ரிப்ளீஸ் மறுத்தது. 2017இல் எழுதிய நிலை அறிக்கையிலேயே தையல்கள் இழுபட்டும் தேய்ந்தும் இருப்பதாகவும், கொக்கிப் பக்கம் சுருக்கம் இருப்பதாகவும் பதிவாகியிருக்கிறது என்றது. ஆக, சேதம் அங்கே இருந்தது. யார் செய்தது என்பதில்தான் சண்டை. கிம்தான் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏலப் படம் ஒரு வெளிச்சத்தில், காட்சிக்கூடப் படம் இன்னொரு வெளிச்சத்தில். கவுனை மாட்டிய பொம்மையும் வேறாக இருக்கலாம். நடுவே ஆண்டுகளும் பயணங்களும் போயிருக்கின்றன. போடுவதற்கு முந்தைய நாள் ஒன்று, கழற்றிய மறுநாள் ஒன்று என்று கட்டம் கட்டமாகப் படமெடுத்து, கற்களை எண்ணிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம்.

ஆனால் ‘மூணு நிமிஷம்தானே’ என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். துணியைப் பொறுத்தவரை நேரத்தைவிட இழுப்பு பெரியது. ஒட்டிய உடையில் அதிக இழுப்பு வருவது அணிந்து நிற்கும்போது அல்ல, இடுப்பைத் தாண்டி ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். அடுத்தது படியேறுவது. முழங்காலை உயர்த்தினால் முன்தொடையில் துணி இறுகி, பின்பக்கத்திலிருந்து இழுக்கும். பின்பக்கம் முழுதாக மூடியிருந்தால் அந்த இழுப்பு எல்லாக் கொக்கிக்கும் பங்காகப் போகும். மூடாவிட்டால், கடைசியாக மாட்டிய கொக்கியில்தான் இழுப்பு குவியும். காகிதத்தின் ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்தால் அங்கிருந்து கிழிவது எவ்வளவு சுலபம்? அதே கதைதான். சேதம் தெரிந்த இடம் கொக்கியோரம் என்பதைக் கவனியுங்கள். 2017 அறிக்கையிலும் அதே இடம். ஏற்கெனவே தளர்ந்த இடத்தில் மேலும் இழுப்பு வந்திருக்கிறது என்பதே என் ஊகம். ரிப்ளீஸ் தன் பாதுகாப்புக்குக் காட்டிய அறிக்கைதான் அந்தக் கவுனை யாருக்கும் கொடுத்திருக்கக் கூடாது என்பதற்கும் சாட்சி.

ஒரே எடை, ஒரே சுற்றளவு என்றாலும் இன்னொருவர் உடம்பில் அது உட்காராது. வளைவு இருக்கும் இடம் வேறு, முதுகின் நீளம் வேறு. ஏழு கிலோ குறைத்ததை அவ்வளவு பெரிய செய்தியாக்கியதில், குறைத்தும் பின்பக்கம் மூடவில்லை என்ற செய்தி அமுங்கிப்போனது. வரலாற்று உடைகளை யாருமே அணியக் கூடாது என்று ஐகாம், அதாவது சர்வதேச அருங்காட்சியகங்கள் கவுன்சில், 2022 மே மாதமே அறிக்கை விட்டது. அமெரிக்க உடைக் காப்பாளர்கள் 1980களிலேயே இதைச் சொல்லியாயிற்று. பாப் மேக்கியும் தவறு என்றார். நகல் கையில் இருந்தது, கிம் அதைத்தான் உள்ளே போனதும் போட்டுக்கொண்டார். படிக்கட்டிலும் அதுவே போதும். அப்படிச் செய்திருந்தால் ரிப்ளீஸுக்கு இவ்வளவு விளம்பரம் கிடைத்திருக்காது, அவ்வளவுதான். பாடகி ஜெனிபர் லோபஸ் 2000 கிராமி விழாவில் போட்ட பச்சை வெர்சாச்சே உடையை 2019இல் மிலானில் மறுபடி மேடையேற்றியபோது, அதைப் புதிதாக வடிவமைத்துத் தைத்தே போட்டார். கைதட்டல் குறையவில்லை.

காலாவை நடத்தும் அதே மெட் அருங்காட்சியகம் 2024இல், இனி எந்த உடம்பிலும் ஏற முடியாத உடைகளையே மையமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதில் பாரிஸ் ஆடை நிறுவனமான வொர்த்தின் 1887 வாக்கிலான நடன கவுன் ஒன்றைப் பொம்மையில்கூட மாட்டாமல் கண்ணாடிப் பேழையில் படுக்க வைத்திருந்தார்கள். அது ஆடுவதை ஒளிப் பிம்பமாக மட்டும் காட்டினார்கள். அந்தக் காலத்து மேலைப் பட்டுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. கச்சாப் பட்டின் பசையை நீக்கினால் எடை நான்கில் ஒரு பங்கு வரை குறையும். இழந்த எடையையும் விறைப்பையும் ஈடுகட்ட வெள்ளீய உப்பில் தோய்த்தார்கள். அந்த உப்பு உள்ளிருந்தே இழையை அரிக்கும். தொடாமல் வைத்திருந்தாலும் இழையோட்டத்திலேயே கீற்றுக் கீற்றாகப் பிளக்கும். வெளிச்சம், வியர்வை, அடிக்கடி மாறும் ஈரப்பதம் மூன்றும் அதை விரைவாக்கும்.

இனி உங்கள் புடவை. மன்றோ கவுனும் இதுவும் வயதில் ஒன்றுதான், ஆனால் ஜாதி வேறு. காஞ்சிப் பட்டு முறுக்கிய இழையில் நெருக்கமாக நெய்தது. எல்லாவற்றையும்விட, அது தைக்காத துணி. யார் அளவுக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும். இழுப்பு ஒரு கொக்கியில் நிற்காமல் ஆறு கஜத்திலும் பரவும். ஆகவே நல்ல நிலையில் இருந்தால் கட்டலாம். நிலையைப் பார்ப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பாருங்கள். கட்டிலில் துவைத்த வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் புடவையை முழுக்கப் பிரியுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். முதலில் மடிப்புக் கோடுகள். அறுபது வருடம் ஒரே மடிப்பில் இருந்தால் ஜரிகைக் கம்பி அந்தக் கோட்டில்தான் முறியும். அடுத்து, பார்டர் உடலோடு சேரும் கோர்வைக் கோடு. ஒரு பக்கம் கனமான ஜரிகை, மறுபக்கம் லேசான பட்டு, இழுபறி அங்கேதான். பிறகு இடுப்பில் செருகிய பகுதி, தோளில் பின் குத்திய இடம், பழைய ஃபால்ஸ் தையலின் ஊசித் துளைகள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊடை (குறுக்கிழை) போய்ப் பாவு (நெடுக்கிழை) மட்டும் நிற்கும் இடங்கள் ஏணிப்படி மாதிரி தெரியும். கனத்த புடவையை ஒரு ஓரத்தைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள். இரண்டு கையாலும் அடியில் ஏந்துங்கள்.

பிறகு நூல் சோதனை. உள்ளே செருகும் முனையில் பிரிந்து நிற்கும் பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று, இரண்டு அங்குலம் போதும். இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். உயிருள்ள பட்டு சற்று நீண்டு கொடுத்துப் பிறகு அறும். நீளாமலேயே பட்டென்று அறுந்தால், அல்லது மடிப்பைத் தொட்டால் பொடி உதிர்ந்தால், கட்டக் கூடாது. வெட்டவும் கூடாது. அப்படிப்பட்ட துணியில் தையல் மெஷின் ஊசி போடும் வரிசை, தபால்தலைத் துளை மாதிரி கிழிய வழி காட்டும். லெஹங்கா வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கேன்கேன் (விரித்து நிறுத்தும் விறைப்பான வலைத்துணி) வைத்த பாவாடையின் மொத்தக் கனமும் இடுப்புத் தையல் ஒன்றில் தொங்கும். கிம்மின் கொக்கிக் கதையை இடுப்பில் கட்டிக்கொள்வது அது.

சோதனையில் தேறினால் சில நிபந்தனைகள். ப்ரீ-ப்ளீட்டிங் வேண்டாம். சூடான அயர்ன் பாக்ஸ் பழைய ஜரிகையில் வைக்கும் கத்தி மடிப்பு, பிறகு அதே கோட்டில் வெட்டும். ‘பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி’ என்பார்கள். ரோல் பாலிஷில் கஞ்சி போட்டு உருளையில் இறுக்கி இழுக்கிறார்கள், பழைய துணிக்கு அது ஆகாது. புது ஃபால்ஸ் வைப்பதானால் காட்டன். ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே வையுங்கள், இல்லாவிட்டால் அது சுருங்கிப் புடவையை இழுக்கும். மெல்லிய ஊசி, நீளத் தையல், பட்டைவிடப் பலம் குறைந்த பருத்தி நூல். எதாவது மாட்டினால் நூல் அறுந்து துணி பிழைக்க வேண்டும். பாலியஸ்டர் நூல் அறாது, துணியை அறுக்கும்.

தோளில் ஊக்கைப் புடவையில் குத்தாதீர்கள். இரண்டு அங்குலப் பருத்தி நாடாவை மடிப்புகளைச் சுற்றி வளைத்துப் போட்டு, நாடாவை மட்டும் ரவிக்கையோடு ஊக்கில் இணையுங்கள். முந்தானையின் ஜரிகைக் கனம் முழுக்கப் பரவிப் போகும். ஒட்டியாணத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், கல் பதித்த நகங்கள் ஜரிகையைக் கொக்கிபோல் இழுக்கும். போடத்தான் வேண்டுமென்றால் உள்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைத்துவிடுங்கள். செண்ட், டியோடரண்ட் எல்லாம் புடவைக்கு முன், நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுவது.

முகூர்த்தத்துக்கு என்றால் எனக்குத் தயக்கம்தான். மணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் முழங்காலிலும் பின்பக்கத்திலும் துணி விறைத்து இழுபடும். கூடவே ஓமச்சூடு, வியர்வை, மஞ்சள் அட்சதை. நிச்சயதார்த்தத்துக்கோ வரவேற்பின் முதல் ஒரு மணி நேரத்துக்கோ கட்டி, படம் எடுத்துக்கொண்டு, மாற்றிவிடச் சொல்லுங்கள். கிம் செய்த காரியத்தில் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றிய உடனே மடிக்காமல், நிழலில் அகலமான கட்டிலில் பரப்பி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். பிறகு பழைய மடிப்பு விழாத இடத்தில் மடித்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் சுருட்டிய மெல்லிய பருத்தித் துணி வைத்து, வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது, அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. வசம்பைத் துணிப் பையில் கட்டிப் பக்கத்தில் போடலாம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

சோதனையில் தேறாவிட்டால் இரண்டு வழி. உடல் போய் பார்டர் நன்றாக இருந்தால் பார்டரைப் பிரித்து அதே அரக்கில் புதுப்பட்டில் வைக்கலாம். பார்டரும் தளர்ந்திருந்தால், புடவையைக் காஞ்சியில் காட்டி அதே கரையில் புதிதாக நெய்யச் சொல்லலாம். ஜரிகை டிசைனுக்கு அட்டை வெட்டி, பாவு ஏற்றி, கோர்வை போட்டு முடிக்க மாதக் கணக்கில் ஆகும். தை மாதம் என்கிறீர்கள், அதனால் நூல் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். எந்த நூல் முதலில் அறுந்தது, பாவா ஊடையா என்று குறித்து எழுதுங்கள். பாவு நன்றாக இருந்து ஊடை மட்டும் போயிருந்தால் பின்பக்கம் வலைத்துணி வைத்துத் தாங்க வைக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.