குறுவையின் கடைசி நாற்பது நாள்

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு சித்தப்பாதான் பயிர் செய்கிறார். இந்த வருஷம் (2025) ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தது, அந்த மாதம் முடிவதற்குள் அணையும் நிறைந்தது, குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) அமோகம் என்றெல்லாம் படித்துவிட்டுச் சந்தோஷமாகச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் குரலில் உற்சாகமே இல்லை. வெயில் சுடுகிறது என்கிறார். மறுநாள் பேசினால் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது என்கிறார். 2023-இல் தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தபோது அவர் பட்ட கவலை எனக்குப் புரிந்தது. அணை நிறைந்த வருஷத்திலும் ஏன் இப்படி? கேட்டால் "உனக்குப் புரியாதும்மா" என்று முடித்துவிடுகிறார். எனக்குப் புரிய வேண்டும். இங்கிருந்து நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

மேட்டூர் நீர்மட்டம் தினமும் பத்திரிகையில் வருகிறது. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று விவசாயமே தெரியாதவர்களும் சொல்வார்கள். ஆனால் வயலில் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று எந்தச் செய்தியிலும் வருவதில்லை. ஆவணி பிறந்த பிறகு உங்கள் சித்தப்பாவுக்கு அணைக் கணக்கு முடிந்துபோன விஷயம். தண்ணீர் வந்தது, நட்டாகிவிட்டது, பயிரும் தேறிவிட்டது. இனிமேல் அவர் கண்டுமுதல் (களத்தில் கிடைக்கும் மொத்த நெல்) எவ்வளவு என்பதை முடிவு செய்யப்போவது பூ எடுப்பதிலிருந்து மூட்டை தைக்கும் வரையுள்ள நாற்பது நாள்தான். அந்த நாற்பது நாளில் மேட்டூருக்கு வேலை குறைவு. வானத்துக்குத்தான் வேலை.

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். ஜூன் 12-இல் மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, உங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, வாய்க்காலுக்கு வந்து சேர ஜூன் மூன்றாவது வாரமாவது ஆகும். ஜூன் 20-இல் நாற்று விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடுதுறை 43 போன்ற ரகம் 110 நாள் பயிர். அப்படியென்றால் அக்டோபர் 8 வாக்கில் அறுவடை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20. நடுவில் இருப்பது பன்னிரண்டே நாள். எல்லாம் சரியாக நடந்த வருஷத்தின் கணக்கே இதுதான். கடைமடைக்கு (வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு) பத்து நாள் தாமதமாகத் தண்ணீர் போனால் அந்த அவகாசமும் கரைந்துவிடும். 2024-இல் ஜூலை 28-இல்தான் மேட்டூர் திறந்தது. இரண்டே நாளில் அணை நிறைந்தும்கூட, ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்கு அது குறுவைக்கு உதவாத தண்ணீராகிவிட்டது. அணை எவ்வளவு நிறைந்தது என்பதைவிட எந்தத் தேதியில் திறந்தது என்பதுதான் குறுவைக்கு முக்கியம்.

இதில் இன்னொன்றும் உண்டு. பம்புசெட் வைத்திருப்பவர் வைகாசியிலேயே நாற்று விட்டிருப்பார். அவர் வயல் ஆவணிக் கடைசியில் அறுப்புக்கு வந்துவிடும். ஆற்றை நம்பியவர் வயல் அப்போதுதான் தொண்டைக்கதிரில் (கதிர் வெளியே வரும் நிலையில்) நிற்கும். ஒரே ஊர், ஒரே வரப்பின் இரண்டு பக்கம். ஒரு சாயங்கால மழை வந்தால் ஆற்றை நம்பியவருக்கு ஒரு பாய்ச்சல் மிச்சம், பம்புசெட்காரருக்கு விளைந்த கதிர் சாய்ந்துவிடும். அதனால் "டெல்டாவில் நல்ல மழை" என்ற செய்தியைப் படித்து நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வயல் எத்தனையாவது நாளில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்லலாம். சித்தப்பாவிடம் அடுத்த முறை பேசும்போது "மழையா?" என்று கேட்காதீர்கள். "பூ எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். அவர் குரல் மாறுவதை நீங்களே கேட்பீர்கள்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நெல்லுக்குப் பூ உண்டு என்பதையே பலர் கவனித்ததில்லை. காலை ஒன்பது மணி வாக்கில் கதிரின் அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இரண்டு உமியும் மெல்ல விரியும், மகரந்தப் பைகள் வெளியே தொங்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். நண்பகலுக்குள் அன்றைய பூப்பு முடிந்துவிடும். ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு முறைதான் திறக்கும். அந்த நேரத்தில் மகரந்தம் சூல்முடியில் ஒட்டினால் அது நெல், ஒட்டாவிட்டால் பதர். ஒரு கதிர் முழுக்கப் பூத்து முடிய ஒரு வாரம் ஆகும், வயல் முழுக்க முடிய இன்னும் சில நாள் கூடும்.

அந்த நாட்களில் காலை மழை பெய்தால் மகரந்தம் கழுவிப் போகும். நல்லவேளையாக ஆவணி மழை பெரும்பாலும் பகலெல்லாம் வெயில் காய்ந்து சாயங்காலத்துக்கு மேல் இடியோடு வருகிற வெப்பச்சலன மழை. அதனால் பூவுக்கு அதிகச் சேதம் இல்லை. வெயில்தான் பயம். பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, பதர் கூடும். டெல்டாவில் ஆவணி வெயில் 35-ஐத் தொடுவது சாதாரணம். அது காலை பத்து மணிக்கே ஏறுகிறதா, பிற்பகலில் ஏறுகிறதா என்பதில் மூட்டைக் கணக்கு மாறும். வயலில் தண்ணீர் நின்றால் பயிர் தன்னைக் கொஞ்சம் குளிர வைத்துக்கொள்ளும். அதனால்தான் அனுபவசாலிகள் மற்ற பருவத்தில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலும் பூப்பில் மட்டும் வயலைக் காயவிடமாட்டார்கள். முறைப்பாசனத்தில் (முறை வைத்துத் தண்ணீர் விடுவதில்) தண்ணீர் வரும் வாரமும் பூக்கும் வாரமும் ஒத்துவராதபோது உங்கள் சித்தப்பா "வெயில் சுடுகிறது" என்று சொன்னால், அது உடம்புக்குச் சுடுகிற வெயில் இல்லை.

இரவின் புழுக்கத்தையும் சொல்ல வேண்டும். இதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிய கவலை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரையிலான தட்பவெப்பக் கணக்கையும் அங்கே பயிரான நெல்லின் விளைச்சலையும் ஒப்பிட்டு, 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. மழையில்லாப் பருவ நெல்லில், இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று அதில் கண்டார்கள். பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் சுவாசத்திலேயே கூடுதலாகச் செலவழித்துவிடுவது ஒரு காரணம். வயலைப் பார்த்தால் எதுவும் தெரியாது. கதிர் நீளமாக இருக்கும், மணியும் பிடித்திருக்கும், தூற்றும்போதுதான் கருக்காய் (சரியாக முற்றாத நெல்) பறக்கும். "பயிர் நல்லாத்தானே இருந்துச்சு, மூட்டை ஏன் குறைஞ்சுது?" என்று களத்தில் நின்று பேசிக்கொள்வதை எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறேன். உரத்தையும் விதையையும்தான் குறை சொல்வோம். இரவைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

பூச்சி, நோய் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கரும்பச்சையாக மினுக்கும் வயலைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன். யூரியா கூடிப்போன பயிர் அப்படித்தான் இருக்கும். புகையான் பூச்சியும் குலைநோயும் அதைத்தான் தேடி வரும், முதல் காற்றுக்குச் சாய்வதும் அதுதான். சித்தப்பா குனிந்து தூரை விலக்கிப் பார்க்கிறார் என்றால் புகையான் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

அப்புறம் அறுப்பு. உண்மையில் எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்தக் கட்டம்தான். கதிரில் 80 சதவீத மணி மஞ்சளானால் அறுக்கலாம். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்து வயலை இறுக விட வேண்டும். டெல்டா சமதளம். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் தண்ணீர் எங்கே போகும்? இரண்டு நல்ல மழை பெய்து வயல் சேறானால் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான் வர வேண்டும். ஊர் முழுக்க அதற்கே காத்திருக்கும். சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் இரண்டு பங்கு, வாடகை மணிக்கணக்கில். போதாததற்கு, குறுகிய காலக் குறுவை ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் குறைவு. சாய்ந்து நனைந்து கிடந்தால் சில நாளில் கதிரிலேயே முளை விட்டுவிடும்.

அறுத்து முடித்தாலும் தீராது. மிஷினிலிருந்து கொட்டும் நெல்லில் இந்தப் பருவத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் எடுப்பது 17 வரைதான். மழை வருஷங்களில் மத்திய அரசு அதைக் கொஞ்சம் தளர்த்தியது உண்டு, ஆனால் கேட்டு, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் நெல் காத்திருக்காது. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் 94 கிலோதான் மிஞ்சும். போன 6 கிலோ வெறும் தண்ணீர், அதில் நஷ்டம் எதுவும் இல்லை. அதைப் போக்க இரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும் என்பதுதான் பிரச்சினை. காலையில் சாலையில் பரப்பி, நாலு மணிக்கு மேகம் கறுத்ததும் ஓடிப்போய்க் குவித்து மூடி, மறுநாள் மறுபடி பரப்பி... உங்கள் சித்தப்பாவின் "சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது" என்ற ஒரு வரியில் இத்தனை ஓட்டமும் இருக்கிறது.

ஒரு புரட்டாசியில் எங்கள் நெல் ஒரு கொள்முதல் நிலைய வாசலில் பதினோரு நாள் குவியலாகக் கிடந்தது. முன்னால் வைத்தவர்களின் மூட்டைகளை ஏற்ற லாரி வரவில்லை, எங்கள் முறையும் வரவில்லை. தினம் சாயங்காலம் மழை. ஒன்பதாம் நாள் குவியலுக்குள் கையை விட்டேன். வெந்நீர்ப் பானைக்குள் விட்டது போலச் சுட்டது. கையை எடுத்தபோது விரலில் வெள்ளை முளைகள் ஒட்டியிருந்தன. அந்தப் புளித்த வாடையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வருஷம் வயலில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் முப்பத்தைந்து கண்டிருந்தோம். நல்ல விளைச்சல்தான். அணையும் நிறைந்த வருஷம்தான்.

இப்போது செப்டம்பர் 1-இலிருந்தே கொள்முதல் தொடங்குகிறார்கள். முன்பு அக்டோபர் 1 வரை காத்திருக்க வேண்டும். குறுவைக்காரர்களுக்கு உண்மையிலேயே நல்ல மாற்றம் இது. விலையும் 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். ஆனால் சாக்கும் சணலும் லாரியும் கிடங்கில் இடமும் அன்றைக்கு இருந்தால்தான் அந்த விலை கைக்கு வரும். விளைச்சல் கூடிய வருஷத்தில் இவைதான் முதலில் தட்டுப்பாடாகும். அதனால் "குறுவை அமோகம்" என்ற செய்தியைச் சித்தப்பா வேறு மாதிரி கேட்கிறார். கொள்முதல் நிலையத்தில் வரிசை நீளம் என்று அவர் காதில் விழுகிறது.

குறுவை தாமதமானால் அதே வயலில் அடுத்து நடும் தாளடி நெல்லும் தள்ளிப்போகும். புரட்டாசிக்குள் நட்டு வேர் பிடித்த பயிர் கார்த்திகை வெள்ளத்தில் இரண்டு மூன்று நாள் நிற்கும். ஐப்பசிக் கடைசியில் நட்ட இளம்பயிர் முழுகிவிடும். இந்த மாத மழையை அவர் இந்தக் கணக்கோடும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். சீக்கிரம் அறுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பச்சை மணியோடு அறுத்தால் ஈரமும் கூடும், அரைக்கும்போது நொய்யும் கூடும். அவருக்குத் தெரியாத வானிலைத் தகவல் எதையும் நீங்கள் சென்னையிலிருந்து சொல்லிவிட முடியாது, அவரும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். வீட்டில் தார்ப்பாய் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நாலு ஏக்கர் நெல்லைக் கீழே விரித்து மேலே மூட, நல்ல கனமான தார்ப்பாய் ஆறாவது வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டு இருக்கும், அதில் ஒன்று கிழிந்திருக்கும். கூடவே ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கி அனுப்புங்கள். கொள்முதல் நிலையத்துக்கு வண்டி கட்டுவதற்கு முன்னால் களத்திலேயே 17 வந்துவிட்டதா என்று அவர் பார்த்துக்கொள்ளலாம். அறுப்பு நாலு நாளில் என்று சொன்னாரென்றால் ஒரு வாரம் லீவு கிடைக்குமா என்று பாருங்கள். மேகம் கறுக்கும்போது தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.