உயிர்வேதியியலும் டேட்டா சயின்ஸும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்ததால் கணிதம் படிக்கவில்லை. உயிர்வேதியியலை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேட முடியாது, டேட்டா சயின்ஸும் சேர்த்துப் படி என்று சீனியர்கள் சொல்கிறார்கள். ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு ஒன்றில் சேரலாமா என்று பார்க்கிறேன். அதன் கட்டணம் எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை. பாடத்திட்டத்தில் மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங் என்றெல்லாம் இருக்கிறது. கணிதம் படிக்காத என்னால் முடியுமா? எங்கே தொடங்குவது? என்னிடம் இருப்பது அண்ணனின் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம். அது போதுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

உங்களால் முடியும். ஆனால் அந்த வகுப்பில் இப்போது பணம் கட்டாதீர்கள். டீப் லேர்னிங் உங்களுக்கு வெகு பின்னால் வர வேண்டிய பாடம். முதலில் வேண்டியது புள்ளியியல். அதையும் ஆய்வகத்தில் நீங்களே எடுத்த அளவுகளை வைத்துப் படியுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓர் எண் எந்த வினையிலிருந்து, எவ்வளவு பிழையோடு வந்தது என்று தெரிந்துகொண்டு நிரல் எழுதுபவர்கள் குறைவு. அதில் பாதியை உங்கள் கல்லூரி ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கிறது.

எச்சிலில் உள்ள, ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கும் அமிலேஸ் நொதியின் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ச், சர்க்கரையை நிறமாற்றத்தால் காட்டும் டி.என்.எஸ். கரைசல், கொதிநீர், 540 நானோமீட்டரில் அளவு என்று செய்திருப்பீர்கள். விமேக்ஸ் (நொதியின் உச்ச வேகம்), கே.எம். (அதில் பாதி வேகம் வரும் ஸ்டார்ச் செறிவு) இரண்டையும் கண்டுபிடிக்க லைன்வீவர்–பர்க் வரைபடம் போடச் சொல்லியிருப்பார்கள். அது 1934-ல் வந்த முறை. வளைகோட்டைக் கையால் பொருத்த முடியாத காலத்தில், வேகத்தையும் செறிவையும் தலைகீழாக்கி (1-ஐ அவற்றால் வகுத்து) நேர்கோடாக்கிக்கொண்டார்கள். அதில் உள்ள கோளாறைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

விமேக்ஸ் 10, கே.எம். 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ச் செறிவு 0.5 ஆக இருக்கும்போது வேகம் 2. செறிவு 8 ஆனால் வேகமும் 8. இரண்டு அளவிலும் பிழை ஒன்றுதான், கூடக்குறைய 0.2. இப்போது தலைகீழாக்குங்கள். வேகம் 8 உள்ள புள்ளி 0.122-க்கும் 0.128-க்கும் இடையில் நிற்கும். வேகம் 2 உள்ள புள்ளியோ 0.455-லிருந்து 0.556 வரை அலையும். பிழையின் அகலம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகிவிட்டது. போதாததற்கு அந்தப் புள்ளிதான் வரைபடத்தின் வலக்கோடியில் தனியாக நிற்கிறது, அதனால் கோட்டைத் தன் பக்கம் சாய்த்துவிடும். மிகக் குறைவாக நம்ப வேண்டிய புள்ளிக்கு மிக அதிகமான செல்வாக்கு. கிராஃப் தாளில் எவ்வளவு கவனமாக ஸ்கேல் வைத்தாலும் இது மாறாது.

பைத்தான் நிரல்மொழியில் சைபை என்ற கணக்குத் தொகுப்பின் ‘கர்வ் ஃபிட்’ கட்டளை, வேகத்தையும் செறிவையும் இணைக்கும் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டைத் தலைகீழாக்காமல் அப்படியே பொருத்தும். பத்து வரி நிரல் போதும். முதன்முதலில் ஓடவிடும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கும். தொடக்க மதிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் அது எல்லாவற்றையும் 1 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் செறிவு மைக்ரோமோலாரில் ஆயிரக்கணக்கில் இருந்தால், பொருத்தம் எங்கேயாவது போய் நின்றுவிடும். அளந்த வேகங்களில் பெரியதை விமேக்ஸுக்கும், செறிவுகளின் நடுமதிப்பைக் கே.எம்.முக்கும் தொடக்கமாகக் கொடுங்கள். அது திருப்பித் தரும் கோவேரியன்ஸ் அணி என்ற எண் அட்டவணையின் மூலைவிட்டத்தில் உள்ள எண்களுக்கு வர்க்கமூலம் எடுத்தால் இரண்டின் திட்டப்பிழையும், அதாவது அந்த மதிப்பு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதும் கிடைக்கும். இதை எழுதாமல் கே.எம். மதிப்பை மட்டும் ரெக்கார்டில் எழுதுவது பாதி விடைதான்.

திட்டப்பிழை விடையை விடப் பெரிதாக வந்தால் நிரலைத் திட்டாதீர்கள், செறிவுகளைப் பாருங்கள். எல்லாச் செறிவும் கே.எம்.முக்கு வெகு கீழே இருந்தால் வளைகோடு நேர்கோடு போலத்தான் தெரியும். அதிலிருந்து விமேக்ஸ், கே.எம். இரண்டின் விகிதம் கிடைக்கும், தனித்தனியாகக் கிடைக்காது. எந்த நிரலாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கே.எம்.முக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு மூன்று செறிவுகள் வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்வதுதான் வழி. வினை நேரத்தையும் பாருங்கள். ஸ்டார்ச்சில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டால் நீங்கள் அளப்பது தொடக்க வேகமே அல்ல.

இதே சோதனையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒருவரின் எச்சிலை மூன்று குழாய்களில் பிரித்து அளந்தால் மாதிரி எண்ணிக்கை மூன்று ஆகாது, ஒன்றுதான். அந்த மூன்று அளவுகளின் திட்டவிலக்கம் உங்கள் பிப்பெட் எவ்வளவு சீராக வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்லும். மூன்று பேரின் எச்சில் இருந்தால்தான் மூன்று. ஆய்வேடுகளில் இந்தத் தவறு சர்வசாதாரணமாக இருக்கிறது. கேள்வி கேட்க ஆளில்லாததால் அப்படியே போய்விடுகிறது.

பெரிய தரவுக்குப் போனாலும் இதே தர்க்கம்தான். மனிதரில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. நோயாளிகளுக்கும் நலமானவர்களுக்கும் இடையில் ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாக ஒப்பிட்டு, பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்டு என்று முடிவு செய்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்திலும் ஆயிரம் மரபணுக்கள் வந்து நிற்கும். அதற்காகத்தான் 1995-ல் வந்த, இப்படித் தவறாக வருபவற்றின் பங்கைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம். ஆனால் நோயாளிகளின் மாதிரியை எல்லாம் திங்கட்கிழமையும் மற்றவர்களுடையதை வியாழக்கிழமையும் ஓட்டியிருந்தால் அந்தத் திருத்தமும் உதவாது. தெரியும் வித்தியாசம் நோயினாலா, புதிதாகத் திறந்த ரியேஜென்ட் பாட்டிலினாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு குழுவையும் கலந்து ஓட்டியிருக்க வேண்டும். சோதனையை வடிவமைக்கும்போதே இதைச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் நீங்கள் ஆக வேண்டும்.

எக்செல் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ‘செப்ட் 2’ என்ற மரபணுப் பெயரை அது செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை பொறுக்காமல் 2020-ல் மரபணுவின் பெயரையே ‘செப்டின் 2’ என்று மாற்றினார்கள். பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும். எக்செல்லில் திறக்கும்போது அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறிப்பிட்டுவிட்டுத் திறங்கள்.

கணிதத்துக்குத் தனி வகுப்பு வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணிதம், இரண்டாம் தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழிலும் இருக்கிறது. அதில் அணிகள், வகைநுண்கணிதம், நிகழ்தகவு மூன்றையும் கணக்குப் போட்டுப் படியுங்கள். தொகைநுண்கணிதத்தில் வளைகோட்டின் கீழுள்ள பரப்பு என்ற கருத்து புரிந்தால் இப்போதைக்குப் போதும். பிறகு பன்னிரண்டாம் வகுப்பின் நிகழ்தகவுப் பரவல் பாடம். மடக்கை உங்களுக்குப் புதிதல்ல, பி.எச். கணக்கில் தினமும் போடுகிறீர்கள்.

அடுத்த பயிற்சியாக நான் பரிந்துரைப்பது ராமச்சந்திரன் வரைபடம். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்டது. புரதச் சங்கிலியில் எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம் என்பதை, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கணக்கிலிருந்தே சொன்னார்கள். இன்றும் உலகில் எந்தப் புரத அமைப்பைச் சரிபார்த்தாலும் இந்த வரைபடம் உண்டு. பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு விடாமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.

புரத அமைப்புகளைச் சேமித்துவைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் யுபிக்விட்டின் புரதத்தின் கோப்பை இறக்குங்கள். குறியீடு ஒன்று–யூ–பி–க்யூ. மொத்தம் 76 அமினோ அமிலங்கள். பைத்தானின் பயோபைத்தான் தொகுப்பில் சங்கிலியை வாசித்து, ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சங்கிலி எப்படி முறுகியிருக்கிறது என்று சொல்லும் ஃபை, சை கோணங்களை எடுத்தால் 74 இணைகள்தான் முழுமையாக வரும். முதல் அமினோ அமிலத்துக்கு முன்னால் எதுவும் இல்லை, அதனால் ஃபை இல்லை. கடைசிக்குப் பின்னால் எதுவும் இல்லை, அதனால் சை இல்லை. அந்த இரண்டு வெற்று மதிப்புகளை நீக்காவிட்டால் நிரல் நின்றுவிடும். நீக்கிய பிறகும் எல்லாப் புள்ளிகளும் நடுவில் குவிந்து கிடந்தால், கோணம் ரேடியனில் இருக்கிறது என்று பொருள், டிகிரிக்கு மாற்றுங்கள். ஆல்ஃபா சுருள் மைனஸ் 60, மைனஸ் 45 அருகே கூட்டமாகத் தெரியும். வலப்பக்கம், அதாவது ஃபை நேர்மதிப்பாக இருக்கும் இடத்தில் சில புள்ளிகள் விழும். அவை எந்த அமினோ அமிலங்கள் என்று அச்சிட்டுப் பாருங்கள். பக்கச் சங்கிலி இல்லாத கிளைசின் அங்கே ஏன் போக முடிகிறது என்பது அப்போது மனப்பாடம் செய்யாமலே பதியும். கிளைசின் அல்லாத சிலவும் அங்கே இருக்கும். அவை எப்படிப்பட்ட திருப்பத்தில் நிற்கின்றன என்று தேடுவது உங்கள் வேலை.

புரதத்தின் வரிசையிலிருந்தே வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரல் கணித்த அமைப்புகளுக்குப் பிறகு போகலாம். அவற்றில் 20 கோடிக்கும் மேல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சோதனையில் கண்ட அமைப்புகளில் ‘பி ஃபேக்டர்’ இருக்கும் நெடுவரிசையில்தான் ஆல்ஃபாஃபோல்டு தன் நம்பகத்தன்மை மதிப்பெண்ணை எழுதுகிறது. முன்னதில் எண் கூடினால் அந்த இடம் தெளிவில்லை என்று பொருள். பின்னதில் கூடினால் நம்பலாம், 90-க்கு மேல் மிக நன்று, 50-க்குக் கீழே அந்த வடிவத்தை நம்பக் கூடாது. இரண்டையும் குழப்பினால் முடிவு நேர்எதிராகிவிடும்.

மெஷின் லேர்னிங்குக்கு வரும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. புரத வரிசைகளைக் குலுக்கிப்போட்டு 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் தேர்வுக்கு என்று பிரிப்பதைத்தான் பொது வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். மனித ஹீமோகுளோபினும் சிம்பன்சியின் ஹீமோகுளோபினும் வரிசையில் ஒன்றே. ஒன்று பயிற்சியிலும் மற்றது தேர்விலும் விழுந்தால், விடைத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு வைத்ததாகிவிடும். மதிப்பெண் 98 என்று வரும், புதிய புரதம் வந்தால் தடுமாறும். வரிசைகளை ஒப்பிடும் எம்எம்சீக்ஸ்2 மென்பொருள் கொண்டு, 30 சதவீத ஒற்றுமைக்கு மேல் உள்ளவற்றை ஒரே கொத்தாக்கி, கொத்துக் கொத்தாகப் பிரிக்க வேண்டும். உங்களுக்கு வந்த பாடத்திட்டத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா, மாணவர்களின் புராஜெக்ட் எந்தத் தரவில் நடக்கிறது என்று கேளுங்கள். வீட்டு விலை, டைட்டானிக் பயணிகள் போன்ற வழக்கமான பயிற்சித் தரவுதான் என்றால் அதை இலவச வீடியோக்களிலேயே படித்துக்கொள்ளலாம்.

முறையான பட்டம் வேண்டுமென்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து பிளஸ் டூ தேறியிருந்தால் போதும், அவர்களே வைக்கும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். முழுதும் முடிக்க முடியாவிட்டால் இடையில் சான்றிதழோடும் டிப்ளமோவோடும் வெளியேற வழி இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-ல் அனுமதித்துவிட்டது. கட்டணச் சலுகைக்கு உங்கள் குடும்ப வருமானச் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மேற்படிப்புக்கு கேட் நுழைவுத் தேர்வில் எக்ஸ்.எல். (உயிர் அறிவியல்) தாள் உங்களுக்குப் பொருந்தும். அதில் 100-க்கு 25 மதிப்பெண் கட்டாய வேதியியல், உயிர்வேதியியல் விருப்பப் பகுதிகளில் ஒன்று. எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் பல இடங்களில் இளங்கலையில் கணிதமோ புள்ளியியலோ கேட்பார்கள். அதனால் துணைப்பாடமாக புள்ளியியல் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

லேப்டாப் போதும். பைத்தான் நிரல் எழுதி ஓட்ட உதவும் கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும், கணக்கு அவர்கள் கணினியில் நடக்கும். மேலே சொன்ன எல்லாப் பயிற்சிக்கும் இலவசக் கணக்கே தாராளம். ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இணைப்பு அறுந்து, ஏற்றிய கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். முதல் நாளே கூகுள் டிரைவை இணைத்து, கோப்புகளை அங்கேயே வையுங்கள். அமிலேஸ் அளவுகளை ரெக்கார்டிலிருந்து தட்டச்சு செய்யும்போது சராசரியை மட்டும் எழுதாதீர்கள், ஒவ்வொரு குழாயின் அளவையும் தனி வரியாக, தேதியோடும் கலரிமீட்டர் எண்ணோடும் சேர்த்து எழுதுங்கள். பொருத்தம் சரியாக வராவிட்டால் அந்தக் கோப்பையும் நிரலையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.